கண்ணாடிக்குள் ஓடிய கடிகாரம்

2024 ஜனவரி 20, சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, பெஹாலா டிராம் டிப்போவை ஒட்டிய சந்திலுள்ள சலூனில் மஹாதேவன் சவரத்துக்கு உட்கார்ந்தார். கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. மகள் மதுவந்தி துணைக்கு வந்து பின்னால் பெஞ்சில் இருந்தாள்.

கிடர்பூர் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். முகமெல்லாம் நுரையோடு, வானியல் ஆராய்ச்சி செய்யும் மகளின் நட்சத்திர மண்டலத்தைப் பற்றி சலூன்காரரிடம் வங்காளியில் விளக்கிக்கொண்டிருந்தார். தென்வானத்தில் வெகு தொலைவில், கல்கத்தாவில் ஒருநாளும் உதிக்காத மண்டலம் அது. நடுவில் கம்பி போல ஓர் ஒளிப்பட்டை. அதன் இரு முனைகளிலிருந்தும் சுருண்டு விரியும் கைகள். நான்கு வருஷமாக மதுவந்தி கண்ணை மூடினால் அதுதான் மெல்லச் சுழலும். மற்ற மண்டலங்களில் கைகள் சுழற்சிக்குப் பின்னால் இழுபடும்; இதில் முன்னால் நீள்கின்றன என்று அவள் எழுதிய கட்டுரை திங்கட்கிழமை வெளியாக இருந்தது. அதை நம்பித்தான் சிலியில் ஒரு தொலைநோக்கி நிலையம் அவளுக்கு வேலை கொடுத்திருந்தது. அங்கே அந்த மண்டலம் வானில் நன்றாக உயர ஏறி வரும்.

"ஊர்ல எல்லாம் ஒழுங்கா சுத்தறது. இவளோடது மட்டும் ஏறுமாறு. அம்மா ஜாடை," என்று அவளுக்காகத் தமிழிலும் சொன்னார்.

"நொட்பேன் நா, காக்கு," என்று, அசையாமலிருக்கச் சொல்லி, சலூன்காரர் அவர் தாடையைப் பிடித்து நிறுத்தினார்.

மதுவந்தி சிரித்தபடி எதிர்க்கண்ணாடியைப் பார்த்தாள். அவள் தலைக்கு மேலிருந்த சுவர்க்கடிகாரம் அதில் தெரிந்தது. விநாடிமுள் இடப்பக்கமாக ஓடியது. சோப்பு வாசனையில், வெயிலில், அந்த முள் நீண்டு வளைந்து ஒளிக்கையாகிச் சுற்றுவதை அரைத்தூக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

அவள் பயன்படுத்திய படம் எடுத்த கருவியில் கூடுதலாக ஒரு கண்ணாடி உண்டு. படத்தை இடம்வலம் மாற்றிய பிறகே சுழற்சிக் கணக்கோடு பொருத்த வேண்டும். போனில் அதே மண்டலத்தை வேறு கருவியில் எடுத்த பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்தாள். அதில் இடப்பக்கம் இருந்த நட்சத்திரம், அவள் கட்டுரையில் வலப்பக்கம் இருந்தது.

"அப்பா, என்னோடதும் ஒழுங்காத்தான் சுத்தறது."

"என்னடி சொல்றே?"

"படத்தை மாத்திப் போட மறந்துட்டேன்."

கத்தி நின்றது. மஹாதேவன் கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்தார். "வேற யாருக்குத் தெரியும்?"

"ஒனக்கும் எனக்கும்."

"தமிழ்ச் சங்கத்துல உனக்குப் போத்தறதுக்கு சால்வை வாங்கி வெச்சுட்டாளே," என்றார்.

"நீ போத்திக்கோ. குளிர்தானே."

பெஞ்சில் இருந்தபடியே, கட்டுரையை நிறுத்தச் சொல்லி ஆய்விதழுக்குக் கடிதம் எழுதி, சிலிக்கும் ஒரு பிரதி போட்டு அனுப்பினாள். அப்போது மணி பதினொன்று இருபது. கண்ணாடியில் பன்னிரண்டு நாற்பது.

கட்டுரை திங்கட்கிழமை வெளியாகவில்லை.