கூரையில் முட்டிய வர்த்தகர் சங்கம்

லண்டன் செவன் கிங்ஸ் தமிழ் வர்த்தகர் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில், மைக்கைப் பிடித்து "தற்காப்பு உரிமை" என்று சொன்னதும் தலைவர் புவனேந்திரன் தரையிலிருந்து ஒரு முழம் மேலே போனார். அந்த வாரம் வெண்டிக்காய் விலையும் ஏறியிருந்தது; சபை இரண்டையும் ஒரே மாதிரித்தான் எடுத்துக்கொண்டது.

விளக்கேற்றி, அகவணக்கம் செலுத்தி, வரவேற்புரையும் முடிந்த பிறகு மேடையில் வீட்டுத் தமிழ் பேசுவது நம் சனத்துக்கு மரியாதைக் குறைவு. மைக் கைக்கு வந்தால் வாயும் கோட் சூட் போட்டுக்கொள்ளும். புவனேந்திரனின் கடையில் யாரோ கத்தியைக் காட்டி சிகரெட்டுகளை அள்ளிப் போயிருந்தார்கள். கடைக்காரர்கள் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் இடம் தர வேண்டும் என்று பாராளுமன்றத்துக்கு மனு அனுப்புவதுதான் தீர்மானம். ஆனால் துப்பாக்கி என்ற சொல்லை அவர் வாய் தொடவே இல்லை. "சுதந்திரக் குடிமகனின் கண்ணியம்" என்றார், குழல்விளக்கு வரை போனார். எதிர்த்துப் பேச எழுந்த கிருஷ்ணராசா மட்டும் சளைத்தவரா? "வன்முறையற்ற நாகரிக சமுதாயம்" என்றவர் நேரே கூரையில் போய் முட்டினார். கைதட்டியவர்களும் பின்னாலேயே கிளம்பினார்கள். ஒருவருடைய சப்பாத்து கழன்று வடைத் தட்டில் விழுந்தது. மேலே ஒரே சிரிப்பும் கும்மாளமும். அந்தச் சங்கம் அவ்வளவு சந்தோஷமாக ஒருநாளும் இருந்ததில்லை.

தரையில் மிஞ்சியவள் புவனேந்திரனின் மனைவி பிரியந்தி. கல்லாவில் நிற்பவள் அவள்தான். அன்று கத்தி நீண்டதும் அவளை நோக்கித்தான். கையுயர்த்தி வாக்களிக்கச் சொன்னார்கள். எல்லாருடைய கையும் ஏற்கெனவே கூரையைத் தடவிக்கொண்டிருந்ததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறும்போல் இருந்தது.

"இஞ்சாருங்கோ," என்று அண்ணாந்து கூப்பிட்டாள். "என்ன வாங்கப் போறியள்? வீட்டிலை சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோ."

"துவக்கு," என்று துப்பாக்கியை வீட்டுச் சொல்லால் சொன்னார் புவனேந்திரன். சற்றே இறங்கினார்.

"அது ஆரின்ரை கையிலை இருக்கும்?"

"நான் விடிய சாமான் எடுக்கப் போயிடுவன். உன்ரை கையிலைதான்."

"நான் ஆரைச் சுட வேணும்?"

"சமூக விரோத..." என்று தொடங்கியவர் விர்ரென்று மேலே எழும்பினார். பிரியந்தி எட்டி அவருடைய காற்சட்டை நுனியைப் பிடித்தாள்.

"ஆரை எண்டு கேக்கிறன்."

"யூனிபோமோடை வந்த அந்தப் பள்ளிக்கூடப் பெடியனை," என்றார். கால் தரையில் பட்டது.

"எனக்கு ஏலாதப்பா," என்று அவள் அழுதாள். அவருக்கும் அழுகை வந்தது. அந்த இடத்திலேயே தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்.

"அண்ணை, உங்கடை கடைக்குக் கத்தியோடை வந்தால் என்ன செய்வியள்?" என்று அவள் கிருஷ்ணராசாவையும் கேட்டாள். "பின்கதவாலை ஓடுவன் தங்கச்சி," என்றவர் தொப்பென்று விழுந்தார். மற்றவர்கள் நன்றியுரையை மேலே இருந்தபடியே கேட்டார்கள். அவர்களுக்குத் தேநீர் அனுப்பச் சங்கம் நீளக் காம்பு வைத்த தட்டு ஒன்று செய்வித்திருக்கிறது.

இப்போது பின்னேரங்களில் கல்லாவில் இருவரும் சேர்ந்துதான் நிற்கிறார்கள். பள்ளி விட்டுக் கடைக் கதவு திறந்தால், "பயமாக் கிடக்கு," என்கிறார் புவனேந்திரன். "எனக்கும்தான்," என்கிறாள் பிரியந்தி. பிறகு, வந்த பெடியனுக்குக் கிறிஸ்ப்ஸ் பைக்கற்றை எடுத்துக் கொடுக்கிறார்கள்.