ஸ் இல்லாத பஸ்

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு விளையாட்டின் புதிய பதிப்பு வந்திருந்தது. திறந்து பார்த்தேன். ஒரு வருடமாக உட்கார்ந்து தமிழாக்கிய மூவாயிரத்துச் சொச்சம் வரிகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை. எழுத்து இருந்த இடமெல்லாம் காலிக் கட்டங்கள்.

அது ஒரு பஸ் டிப்போவை நடத்தும் விளையாட்டு. மூன்று பேர் செய்கிறார்கள். பாதிதான் முடிந்திருக்கிறது, அந்தப் பாதியை வெளியே விட்டு, ஆடுகிறவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டுக் கேட்டு மீதியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் நான் நுழைத்த தமிழ், ஒரு மாட். அடுத்தவர் செய்த விளையாட்டில் நாமாகச் செய்து ஒட்டும் மாற்றத்துக்கு அந்தப் பெயர். அக்காள் காதில் மட்டும் அது முதல் நாளிலிருந்தே மாடு என்றுதான் விழுந்தது.

"மாடு எந்திரிச்சுதா?" என்று பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"படுத்துடுச்சுக்கா."

விளையாட்டைச் செய்பவர்கள் ஓர் அறிவிப்பு போட்டிருந்தார்கள். விளையாட்டு ஒவ்வோர் எழுத்தையும் ஒரு சிறு படமாகத்தான் திரையில் காட்டும்; இனி மாட்கள் அந்த எழுத்துப் படங்களை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஒரு மொழிக்கு இருநூற்று ஐம்பத்தாறு இடங்கள், ஒரு படத்துக்கு ஓர் இடம். அதற்குள் எழுத்துகளை அடக்க வேண்டும். கூடவே ஒரு சோதனைக் கருவி தந்திருந்தார்கள். அது எல்லா வரிகளையும், ஆடுகிறவர்கள் பஸ்களுக்கு வைத்த ஆயிரம் பெயர்களையும் ஓட்டிப் பார்க்கும். சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் ஒரு காலிக் கட்டம்கூட இல்லாமல் தேறும் மொழிகள் விளையாட்டோடு சேர்ந்தே வரும். மற்றவை எல்லாம் விளையாட்டு முழுதாக முடிந்த பிறகு. அதற்கு இரண்டு வருடம் ஆகலாம்.

நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு, ஆய்தம் ஒன்று. ஆக இருநூற்று நாற்பத்தேழு. எண்கள் பத்து. மொத்தம் இருநூற்று ஐம்பத்தேழு. ஒன்றே ஒன்று அதிகம். நிறுத்தற்குறிகளை இன்னும் சேர்க்கவே இல்லை.

அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. அது எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் எழுத்துப் படங்களைச் செய்தபோது பள்ளிக்கூடத்து அட்டையைப் பார்த்து, இருநூற்று நாற்பத்தேழையும் ஒன்று விடாமல் செய்தேன். தமிழ் முடிந்தது என்று டிக் அடித்தேன். அட்டையில் ஜ, ஷ, ஸ, ஹ கிடையாது. மாட்டை வெளியிட்ட பிறகுதான் 'பஸ்' என்று அடித்துப் பார்த்தேன். ப வந்தது, பக்கத்தில் ஒரு கட்டம். பஸ் டிப்போ விளையாட்டில் பஸ்ஸைக் காணோம். ஐம்பத்திரண்டு எழுத்துகளை மறுபடி உட்கார்ந்து செய்யச் சோம்பல்பட்டு, எல்லாவற்றையும் பேருந்து ஆக்கினேன். ஜன்னல் சாளரம் ஆனது. ஸ்டீயரிங் திசைதிருப்பி ஆனது. கீழே கருத்து எழுதியவர்கள் நாற்பது பேர் என் தமிழ்ப் பற்றைப் பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை.

அன்று மாலை மாமா ஷிப்ட் முடிந்து வந்தார். அக்காளின் கணவர், நிஜமாகவே பஸ் ஓட்டுகிறவர். நாளெல்லாம் ஓட்டிவிட்டு வந்து வீட்டுக் கணினியிலும் டிப்போ நடத்துவார்.

"எஞ்சினியரம்மா, எப்ப சரியாகும்?"

"சனிக்கிழமைக்குள்ள ஆகணும் மாமா. இல்லன்னா இல்ல."

"ஆக்கும்போதே ஒரு வேலை பண்ணு. என் முதல் வண்டிக்கு உங்கக்கா பேரைத்தான் வெச்சேன். நடுவுல ஒரு கட்டம் வருது. நானும் ஆறு மாசமா மறைச்சுப் பாத்தேன், நேத்து பாத்துட்டா."

அக்காள் பெயரின் நடுவில் ஒரு ஜ இருக்கிறது.

"என் பேர்ல ஓட்டை போட்டு ஊரெல்லாம் ஓட்டியிருக்கீங்க ரெண்டு பேரும்," என்றாள் அக்காள் உள்ளேயிருந்து.

"அப்புறம் அந்தத் திசைதிருப்பி," என்றார் மாமா. "எங்க டிப்போல போய் 'திசைதிருப்பி டைட்டா இருக்கு'ன்னு சொன்னா, மெக்கானிக் என்னையத்தான் கழட்டிப் பாப்பான்."

சிரித்தேன். ஆனால் அந்த வாரம் முழுவதும் அது உறுத்தியது.

பகலில் நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். மாலை ஆறிலிருந்து எட்டு வரை கணினி வகுப்பு. புதன்கிழமை வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரனிடம் கணக்கைக் காட்டினேன். எந்தப் புரோகிராம் எழுதினாலும் ஒரு கமாவை விட்டுவிடுவதால் அவன் பெயரே கமா.

"ங வரிசையைத் தூக்கிடு," என்றான் உடனே. "ஙௌ போட்டு ஒரு வார்த்தை சொல்லு பாப்போம்."

"இல்லதான்."

"ங, ங் ரெண்டை வெச்சுக்கோ. பதினொண்ணு மிச்சம்."

"ஜ, ஷ, ஸ, ஹ வரிசைக்கு ஐம்பத்திரண்டு, ஏற்கெனவே அதிகமா இருக்கிற ஒண்ணு. எனக்கு ஐம்பத்து மூணு வேணும்."

"அப்ப ஞ வரிசையிலயும் கைய வை. ஞௌ எல்லாம் சும்மா சம்பளம் வாங்குது."

இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுத்துகளை வேலையைவிட்டு அனுப்பினோம். எத்தனை பேரை அனுப்பினாலும் பத்து இடம் குறைந்தது. வேறு யாராவது தன் பஸ்ஸுக்கு, நாங்கள் அனுப்பிய எழுத்தில் பெயர் வைத்திருந்தால்? மறுபடி கட்டம். மறுபடி நான் ஏதாவது சாக்குச் சொல்வேன். பக்கத்தைக் குறுக்குக் கோடு போட்டு அடித்தேன். நான் புரோகிராமரா, அல்லது நோட்டில் கணக்குப் போடத் தெரிந்தவள் மட்டும்தானா என்ற சந்தேகம் வழக்கம்போல வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை விடியற்காலை அட்டவணையை முதலிலிருந்து கையால் எழுதினேன். க, கா, கி, கீ. கொ எழுதும்போது பேனா நின்றது. கை முதலில் ஒற்றைக்கொம்பு போட்டது, பிறகு க, பிறகு கால். மூன்று தனித்தனித் துண்டுகள். வாய்க்குத்தான் கொ ஒரே எழுத்து. கைக்கு எப்போதும் மூன்றுதான். இத்தனை வருடம் எழுதியும் என் கை செய்வதை நான் கவனித்ததில்லை.

கொம்பையும் காலையும் ஒவ்வொரு எழுத்தோடும் சேர்த்துச் செய்யவே வேண்டாம். கால் ஒன்று, ஒற்றைக்கொம்பு ஒன்று, இரட்டைக்கொம்பு ஒன்று, ஐகாரத்துக்கு ஒன்று, ஔகாரத்துக்கு ஒன்று. கி, கீ, கு, கூ போல ஒட்டிப் பிறந்தவற்றை மட்டும் முழுதாக வைத்தால் போதும். ஜ, ஷ, ஸ, ஹ நான்கையும் சேர்த்துக் கூட்டினேன். நூற்று ஐம்பது. நம்பாமல் இன்னொரு முறை கூட்டினேன். எண்கள், நிறுத்தற்குறிகள், ஆங்கில எழுத்துகள் எல்லாம் போட்டும் இருநூற்று முப்பது. ஒரு எழுத்தையும் வேலையைவிட்டு அனுப்பவில்லை.

மீதி, துண்டுகளைச் சரியான வரிசையில் நிற்கவைக்கும் புரோகிராம். கணினி 'போ' என்பதை ப முதலில், ஓகாரக் குறி பிறகு என்று வைத்திருக்கும். திரையில் கொம்பு முந்திக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை வகுப்புக்குப் போகவில்லை. ஏழு மணிக்கு முதல் வரி திரையில் வந்தது. மாமா தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துக்கூட்டினார்.

"டி... பே... ப்பா. டிபேப்பா. யாருடைய அப்பா?"

'டிப்போ'வின் கொம்பு ஓரெழுத்து முன்னால் போய், ப் மேல் உட்கார்ந்திருந்தது.

"சிரிக்காதீங்க மாமா."

"நான் எங்க சிரிச்சேன்? அவர் வந்தா உக்காரச் சொல்லு."

கமாவுக்குப் போன் செய்தேன். "எதை முதல்ல பண்ற?" என்றான். அதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. ப் என்பது கணினிக்கு இரண்டு குறி: ப, மேலே புள்ளி. எனக்கு ஒரே துண்டு. துண்டுகளை எண்ணி இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு, இன்னும் துண்டாக்காத வார்த்தையில் கொண்டுபோய்க் கொம்பை வைத்திருந்தேன். முதலில் துண்டாக்கு, பிறகு நகர்த்து. இரண்டு வரியை இடம் மாற்றினேன். டிப்போ டிப்போவாக நின்றது.

சனிக்கிழமை கடையில் அரைநாள் லீவு சொல்லியிருந்தேன். ஏழு மணிக்குச் சோதனைக் கருவியை ஓட்டினேன். பெயர்கள் எல்லாம் தேறின. காலிக் கட்டம்: ஒன்று. ஒவ்வொரு கோப்பாகத் தேடினேன். ஒன்றே கால் மணி நேரம். ஒரு கண்டக்டர் "அது வந்து…" என்று இழுக்கும் இடத்தில், அந்த மூன்று புள்ளியும் சேர்ந்து ஒரே குறியாக இருந்தது. எடுத்துவிட்டு மூன்று முற்றுப்புள்ளி போட்டேன். காலிக் கட்டம்: பூஜ்யம்.

அப்போதே அனுப்பியிருக்கலாம். மணி எட்டேகால்தான். ஆனால் இப்போது ஸ் இருக்கிறது, சாக்கு இல்லை. மூவாயிரம் வரியையும் மாற்ற நேரம் கிடையாது. ஒரே சொடுக்கில் மாற்றவும் முடியாது. 'பேருந்தை' என்பது 'பஸ்ஐ' என்று ஆகும். அறிவிப்புப் பலகைகளில் பேருந்து இருக்கட்டும், நிஜப் பலகைகளிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. டிரைவர்களும் கண்டக்டர்களும் வாயைத் திறக்கும் இடங்களை மட்டும் பிரித்தெடுத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றாகக் கையால் மாற்றினேன். திசைதிருப்பியை முதலில் வேலையைவிட்டு அனுப்பினேன்.

"சாப்பிட வர்றியா, மாடு மேய்ச்சு முடியட்டுமா?" என்றாள் அக்காள்.

"பன்னெண்டுக்கு மேல வரேன்."

தட்டைக் கொண்டுவந்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு மறுபடி சோதித்தேன். பூஜ்யம். மாற்றக் குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்: 'முன்பு ஜ, ஷ, ஸ, ஹ இல்லாமல் போனது தமிழ்ப் பற்றினால் அல்ல. நான் மறந்துவிட்டேன். இப்போது சேர்த்திருக்கிறேன்.' நாற்பது பேரும் படிப்பார்கள். அழித்துவிடலாமா என்று யோசிக்க நேரம் தராமல் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். பதினொன்று நாற்பத்தொன்று.

ஒரு மணிக்குக் கடைக்குப் போனேன். நான்கு மணிக்குப் பதில் வந்தது. ஒரே வரி: தமிழ் சேர்க்கப்பட்டது. வேறு யாருக்கோ வந்ததோ என்று மாட்டின் எண்ணைச் சரிபார்த்தேன். என்னுடையதுதான். ஈரக் கையோடு இரண்டாவது முறையும் சரிபார்த்தேன்.

மாலையில் வீட்டுக்குள் நுழையும்போது மாமா சீருடையைக்கூட மாற்றாமல் கணினி முன் இருந்தார். நான் வந்ததைக் கவனிக்கவில்லை. திரையில் ஒரு கண்டக்டரின் தலைக்கு மேல் வரி எழுந்தது: 'பஸ்ஸை எடுங்க அண்ணே, ஜனம் நிக்குது!'

"இருய்யா," என்றார் மாமா எரிச்சலாக. "இப்பதான உள்ள வந்தேன். எடுக்குறேன்."