இருநூற்று இருபத்து நான்கு பரப்பு

என் புருசன் இரத்தினவேல் ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருந்து ஆறு கிழமை ஆகிறது. சோபாவில் இருப்பார், எழும்புவார், யன்னல் திரையை விலக்கி வெளியே பார்ப்பார், கார்த் திறப்பை எடுப்பார், திரும்ப வைப்பார். போன செவ்வாய்க்கிழமை பனியே இல்லாத டிரைவ்வேயில் பனி அள்ளுகிற சவளைக் கொண்டுபோய் அரை மணித்தியாலம் சுரண்டினார். பக்கத்து வீட்டுச் சீனாக்கார மனுசி என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு வெட்கமாய் இருந்தது.

இங்கே கனடாவில், ஒஷாவா நகரத்தில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நின்றே வேலை செய்தவர். பென்சன் எடுத்த பிறகு கால் சும்மா இருக்க மறுக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். காரணம் அதுவல்ல. எங்கள் ஒரே மகள் சாம்பவி ஒரு வெள்ளைக்காரப் பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்து, "அப்பா, இது நேதன். வீ வோன்ட் டு கெட் மேரிட்" என்று சொன்னதுதான் காரணம்.

கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. நேதனுக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார். பிறகு முன்னுக்குச் சாய்ந்து கேட்டார்.

"தம்பி எந்த ஊர்?"

"ஒஷாவா," என்றான் நேதன். லிஃப்ற் திருத்தும் வேலை செய்கிற பெடியன், நல்ல உயரம், எங்கள் கதிரைக்குள் முழங்காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தான்.

"அது இருக்கிற ஊர். சொந்த ஊர்?"

சாம்பவி மொழிபெயர்த்தாள். அவன் யோசித்துப் பார்த்துவிட்டுத் தாய்க்குப் போன் பண்ணினான். தாய் லிண்டா சொன்னதை இவர் கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். செத்துப்போன தகப்பன் வழி, பார்ட்ரம் குடும்பம், இங்கிலாந்து, லிங்கன்ஷையர், மார்ல்தோர்ப் என்ற கிராமம்.

அவர்கள் போனதும் சொன்னார்: "விசாரிக்க வேணும்."

சம்பந்தம் விசாரிப்பது எங்கள் ஆட்களின் கைவந்த வேலை. மாப்பிள்ளையின் ஊருக்கு ஒரு ஆள் போவார், சந்திக் கடையில் ஒரு தேத்தண்ணி குடிப்பார், அது ஆற முதல் எல்லாம் வந்துவிடும். தகப்பன் குடிப்பாரா, தாயின் வாய் எப்படி, காணி பூமி எவ்வளவு. மார்ல்தோர்ப்பில் ஆரைக் கேட்பது? இவர் அதற்கும் ஒரு ஆளைப் பிடித்தார். இங்கிலாந்தில் பெற்றோல் ஷெட் நடத்தும் என் தம்பி வினோதன் அந்தப் பாவத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பலி கொடுத்து, இரண்டு மணித்தியாலம் கார் ஓடிப் போய் வந்தான்.

"அத்தான், அங்கை ஒரு சேர்ச், ஒரு பப், ஒரு நாப்பது செம்மறி," என்றான் போனில். "கேட்ட சனமெல்லாம் லண்டனிலை இருந்து வந்து வீடு வாங்கினதுகள். பார்ட்ரம் எண்டால் சேர்ச் சேமக்காலையிலை நாலு கல்லறைக் கல்லு இருக்கு. கல்லிட்டை நான் என்னத்தைக் கேக்கிறது?"

வேறு ஆளாயிருந்தால் அதோடு விட்டிருப்பார். இவர் அடுத்த நாள் அஜின்கோர்ட் நூலகத்துக்குப் போனார். அங்கே இருக்கும் கணினியில் இங்கிலாந்தின் பழைய பதிவுகளை இலவசமாய்ப் பார்க்கலாம் என்று ஆரோ சொல்லியிருக்கிறார்கள். சேர்ச்சின் ஞானஸ்நானப் புத்தகம், கலியாணப் புத்தகம், பத்து வருடத்துக்கொரு தடவை வீடு வீடாய் எடுத்த குடிசனக் கணக்கு, உயில்கள். தொழிற்சாலை லொக்கருக்குள் கொண்டுபோன சாப்பாட்டுப் பையில் சாண்ட்விச்சும் கொப்பியும் வைத்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்குப் போவார், பின்னேரம் கண் சிவந்து வருவார். கொப்பியில் தோமஸ் பார்ட்ரம், அவன் மகன் வில்லியம், அவன் மகன் இன்னொரு தோமஸ் என்று எட்டுத் தலைமுறை வரிசையாய் நின்றது. தன் பூட்டனின் பெயர் தெரியாத மனுசனுக்கு நேதனுடைய பூட்டனின் பூட்டி எந்த மாதம் செத்தாள் என்பது தெரிந்திருந்தது.

"குடிகாரர் ஒருத்தருமில்லைப் போலை," என்பார் சாப்பிடும்போது. "ஒரு பொம்பிளை மட்டும் கலியாணத்துக்கு முந்திப் பிள்ளை பெத்திருக்கிறா. அது ஆயிரத்து எழுநூத்தி எம்பத்தி ஒண்டிலை. அதை விடுவம்."

"பெரிய மனசு உங்களுக்கு," என்றேன்.

மூன்றாம் கிழமை பாய்ந்துகொண்டு வந்தார். கையில் ஒரு பிரிண்ட் தாள். ஆயிரத்து எண்ணூற்று நாற்பதுகளில் சேர்ச்சுக்குக் கொடுக்க வேண்டிய வரிக்காக அந்த ஊரின் ஒவ்வொரு வயலுக்கும் நம்பர் போட்டுப் படம் கீறி, எந்த வயல் ஆருடையது, அதில் இருப்பது ஆர் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தத் தாளில் தோமஸ் பார்ட்ரம். பதினாலு ஏக்கர்.

"எங்கடை பரப்புக் கணக்கிலை, ஏக்கருக்குப் பதினாறாய், இருநூத்தி இருபத்திநாலு!" என்றார். "எங்கடை ஊரிலை ஆருக்கு இருந்தது அவ்வளவு?"

அன்றைக்கே மார்க்கம் நகரத்துச் சொந்தக்காரர் வரைக்கும் போன் பறந்தது. வெள்ளைக்காரன்தான், ஆனால் காணி பூமியுள்ள பழைய குடும்பம். சாம்பவி அப்பாவைக் கட்டிப் பிடித்தாள். லிண்டாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால் அப்பா சம்மதம் என்று சொல்வதாய் முடிவானது. அந்தச் சந்தோசம் எட்டு நாள் நின்றது.

ஒன்பதாம் நாள் இரண்டு காரியம் நடந்தன. காலையில் நூலகத்தில் அந்தப் பதிவின் முதல் பக்கத்தை இவர் பார்த்திருக்கிறார். சொந்தக்காரனின் பெயரை முதல் பக்கத்தில் ஒரு தரம்தான் எழுதுவார்களாம். சேர் பட்டம் பெற்ற இன்னார், பெரிய மாளிகைக்காரன். பிறகு வருகிற பக்கங்களில் அந்த நிரலை வெறுமையாய் விட்டுவிட்டு, பக்கத்து நிரலில் குடியிருக்கிறவர்களை மட்டும் எழுதுவார்களாம். தோமஸ் பார்ட்ரம் அந்தப் பக்கத்து நிரலில் நின்றவன். பதினாலு ஏக்கரும் இன்னொருத்தனுடையது. அடுத்த குடிசனக் கணக்கில் அதுவும் இல்லை. கூலிக்காரன். நாலு பிள்ளைகள், ஒவ்வொன்றும் பிறந்தது வேறு வேறு ஊரில். வருடத்துக்கு வருடம் ஆர் வேலை கொடுத்தார்களோ அங்கே மூட்டை கட்டியிருக்கிறார்கள்.

பின்னேரம் சாம்பவி வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. "அப்பா, கெஸ் வாட்! நேதனும் நானும் ஹனிமூனுக்கு யாழ்ப்பாணம் போறம். உங்கடை காணியையும் கிணத்தையும் அவனுக்குக் காட்டப் போறன். காணிக் கந்தோருக்கு எழுதினால் காணி உறுதியின்ரை கொப்பி எடுக்கலாமாம், நேதன் பார்த்திட்டான். நீங்கள் அவையின்ரையைத் தேடினமாதிரி நாங்கள் உங்கடையைத் தேடுவம்."

அவர் எழும்பி யன்னலடிக்குப் போனார். "கலியாணம் சரிவராது," என்றார் திரும்பாமல். "காணியில்லாத சனம். கூலிக்கு நிண்டதுகள். நான் ஞாயிற்றுக்கிழமை இருக்கமாட்டன்."

சாம்பவி சிரித்தாள், பகிடி என்று நினைத்து. பிறகு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள், "நீங்கள் இருக்காட்டி நாங்கள் சிற்றி ஹோலிலை ரெஜிஸ்டர் பண்ணுவம். அதுக்குப் பிறகு நான் இந்த வீட்டுக்கு வரமாட்டன், அப்பா. ஐ மீன் இட்." அவள் என் பிள்ளை. சொன்னால் செய்வாள்.

இப்போது எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இரத்தினவேலுக்குக் காணியே இல்லை. ஒருகாலும் இருந்ததில்லை.

தொண்ணூற்று நான்கில் எங்கள் சம்பந்தம் பேசும்போது, கனடாவிலிருந்து எழுதிய கடிதத்தில் நாலு பரப்பு வளவும் ஒரு கிணறும் என்று எழுதியிருந்தார். கலியாணம் முடிந்து சாம்பவி பிறந்தபோது அது ஆறு பரப்பாகியது. அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது பன்னிரண்டு. மாமரங்கள் முளைத்தன. பிள்ளையைப் படுக்க வைக்கும்போது கிணற்றைப் பற்றிச் சொல்லுவார். தண்ணி அள்ளும் துலாவின் சத்தம், கிணற்றுக் கட்டிலே காகம் இருக்கிறது, இளநீர் மாதிரித் தண்ணி. நான் கதவடியில் நின்று உடுப்பு மடித்தபடி கேட்பேன். ஒன்றும் சொல்லமாட்டேன். முதலில் வெட்கத்தில் சொல்லவில்லை. பிறகு காணி வளர வளர, சொல்லுகிற இடமே இல்லாமல் போயிற்று.

வியாழக்கிழமை அவரைத் தேடி நூலகத்துக்குப் போனேன். கார்த் தரிப்பிடத்தில் எங்கள் காரைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார், தொப்பியும் இல்லை. இழுத்துக் காருக்குள் இருத்தி ஹீற்றரைப் போட்டேன்.

"உள்ளை போய்த் தேடேல்லையோ?"

"தேடி முடிஞ்சுது. கூலிச்சனம். நான் மகளைக் குடுக்கேலாது. நீர் அவளுக்குச் சொல்லும்."

"என்னத்தைச் சொல்ல?"

"குடும்பம் விசாரிச்சுத்தானே குடுக்கிறது? உம்மடை கொப்பர் விசாரிக்காமலோ உம்மைத் தந்தவர்?"

எனக்கு வந்ததே ஒரு கோவம். முப்பது வருடமாய் அடைத்து வைத்தது ஒரே மூச்சில் வந்தது.

"விசாரிச்சவர்! நல்லா விசாரிச்சவர்! சண்டைக்குள்ளையும் மூண்டு நாள் சைக்கிளிலை உங்கடை ஊரெல்லாம் திரிஞ்சவர். நாலு பரப்பும் இல்லை, பன்னிரண்டு பரப்பும் இல்லை. இன்னொருத்தற்றை வளவிலை கொட்டில் போட்டு இருந்தனீங்கள். அவை எழும்பச் சொன்னால் எழும்பிற சனம். கொழும்பிலை என்னைப் பிளேன் ஏத்த முதல் லொட்ஜிலை வைச்சு எல்லாத்தையும் எனக்குச் சொன்னவர். எனக்குத் தெரியும். முழுக்கத் தெரியும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கார்க் கண்ணாடியில் ஆவி படிந்ததை விரலால் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டார். தரிப்பிடத்தின் கடைசி வரை நடந்து, அங்கே பனிக் குவியலுக்கு முன்னால் நின்றார். போகட்டும் என்று இருந்தேன். இவ்வளவு காலம் வைத்திருந்ததை இப்படியா கொட்டுவது என்று என்னையே திட்டினேன். பத்து நிமிடம் கழித்து வந்து ஏறினார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"தெரிஞ்சும் ஏன் தந்தவர்?"

"பெடியன் வெக்கத்திலை பொய் எழுதியிருக்கிறான், ஆள் பிழையில்லை எண்டவர். விருப்பமில்லாட்டி இப்பவே திரும்பிப் போவம் எண்டும் சொன்னவர். நான்தான் வாறன் எண்டு சொன்னனான்."

"நீரோ?"

"நான்தான். காணியையோ கட்டவந்தனான்?"

வீடு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை இருப்பாரோ இல்லையோ என்று அவர் சொல்லவில்லை. வெள்ளியும் சனியும் நான் சமைத்தேன், துடைத்தேன், சமைத்ததையே திரும்ப ருசி பார்த்தேன். இப்போது இருப்புக்கொள்ளாமல் திரிந்தது நான்.

ஞாயிற்றுக்கிழமை மணியடித்தபோது அவர் மேலே அறையில் இருந்தார். லிண்டா கையில் எலுமிச்சைக் கேக்கோடு உள்ளே வந்தாள். சாம்பவி மாடிப்படியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி கோட்டுகளை வாங்கி மாட்டினேன். அப்போது படியில் சத்தம் கேட்டது. இஸ்திரி போட்ட சேர்ட், கையில் கொப்பியும் தாள்களும். வந்து லிண்டாவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

லிண்டாவுக்கு ஒரே சந்தோசம். எட்டுத் தலைமுறையையும் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தாள். அந்த வரித் தாள் வந்ததும், "அப்போ இந்த நிலம் எங்களுடையதா?" என்று கேட்டாள்.

"நோ," என்றார் இவர், தன் தொழிற்சாலை இங்கிலிஷில். "ஓனர், திஸ் சைட். யுவர் பீப்பிள், திஸ் சைட். ஒன்லி லிவிங்."

லிண்டா ஒரு கணம் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினாள். "பரவாயில்லை," என்றாள். பிறகு மரியாதைக்குக் கேட்டாள், "உங்களுக்குப் பெரிய காணியும் அழகான கிணறும் இருக்காமே. பிள்ளைகள் போய்ப் பார்க்கப் போகினமாம்."

என் கையில் தேத்தண்ணித் தட்டு. கீழே வைக்கவும் முடியவில்லை, பிடித்திருக்கவும் முடியவில்லை. இவர் தாளைத் தன் பக்கம் திருப்பினார். குடியிருந்தவர்களின் நிரலில், தோமஸ் பார்ட்ரத்துக்குக் கீழே, விரலை வைத்தார்.

"மீ ஆல்சோ திஸ் சைட்."

"என்ன, அப்பா?" என்றாள் சாம்பவி.

"எங்களுக்குக் காணி இல்லைப் பிள்ளை. ஒரு பரப்பும் இல்லை. நான் உனக்குச் சொன்னது பொய். கொம்மாவுக்கும் சொன்னனான், அவ தெரிஞ்சுகொண்டே வந்தவ."

இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, எட்டு வயதில் கேட்ட குரலில் கேட்டாள், "அப்ப கிணறு?"

"கிணறு மெய். துலாவும் மெய்." அவர் விரல் தாளை விட்டு எழவில்லை. "காணிக்காரற்றை கிணறு. அதிலை நாங்கள் அள்ளேலாது. குடத்தை வைச்சிட்டுத் தள்ளி நிப்பம். அவை ஆரும் வந்து அள்ளி ஊத்தினால் தண்ணி. என்ரை அம்மா நாள் முழுக்க நிண்டிருக்கிறா. அதுதான் எனக்கு அந்தத் துலாச் சத்தம் அவ்வளவு மனப்பாடம்."

நேதனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. சாம்பவியிடம் கேட்டான், அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் அவனை நிமிர்ந்து பார்த்து, "ஐ ஆம் ஹாப்பி, தம்பி. யெஸ். மை ஆன்சர் இஸ் யெஸ்," என்றார். சாம்பவி எழும்பி வந்து அவர் காலடியில் நிலத்தில் இருந்து முழங்காலில் முகத்தை வைத்தாள்.

நான் தட்டோடு குசினிக்குள் போய்விட்டேன். காணி இல்லை என்று அன்றைக்கு என் அப்பா சொன்னார், கொட்டில் என்று சொன்னார். கிணற்றடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் அந்த ஊரில் திரிந்த மனுசனுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. சொல்லியிருந்தால், இருபத்திரண்டு வயதில், அந்த லொட்ஜில், நான் வாறன் என்று சொல்லியிருப்பேனோ? சத்தியமாய் எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது, அதுதான் சொல்லாமல் விட்டார்.

"இஞ்சேரும்," என்று முன்னறையிலிருந்து அவர் கூப்பிட்டார். "கொஞ்சம் தண்ணி தாரும்."

குழாயைத் திறந்து கிளாஸை நிரப்பினேன். கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன்.