பொத்தான் வைத்த அமெரிக்கா போன்

நிறுவ அனுமதி இல்லை.

எட்டாவது தடவையாக அதே இங்கிலீஷ் வரி. அதன் கீழே ஓகே என்று ஒரே ஒரு பொத்தான். ஏன் அனுமதி இல்லை, யாரிடம் அனுமதி கேட்பது, எதுவும் கிடையாது. நானும் எட்டாவது தடவையாக ஓகே அழுத்தினேன்.

மடக்குகிற மாடல் போன் அது. பழசுதான், ஆனால் உள்ளே ஆண்ட்ராய்டு. சென்னை பர்மா பஜாரில் தேடிப் பிடித்தது. அமெரிக்காவில் ஏதோ ஒரு நெட்வொர்க் கம்பெனி தன் வாடிக்கையாளர்களுக்காகவே செய்து விற்ற போன். "சிம் லாக் எடுத்தாச்சி தம்பி, எந்த சிம்மும் எடுக்கும்" என்று பஜார் கடைக்காரர் சொன்னார். எடுத்தது. அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். கடலூர் வந்து செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால், வெளியிலிருந்து ஆப் ஏற்ற அனுமதிக்கிற அந்த ஒரு வரி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கம்பெனிக்காரன் பிடுங்கி வைத்திருக்கிறான். ப்ளே ஸ்டோரும் கிடையாது. அவன் கொடுத்த காலண்டர், கால்குலேட்டர், அவன் ஊர் வானிலை, அவ்வளவுதான். வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆப். அதுவும் வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்குள். அன்றைக்குப் புதன்.

செல்லாயி பெரியம்மா நடுவீரப்பட்டுப் பக்கம் ஒரு கொட்டகையில் முந்திரி உடைக்கிறாள். ஓட்டிலிருந்து வழிகிற எண்ணெய் பட்டுப் பட்டு அவள் பத்து விரல் நுனியும் கறுத்து, தோல் உரிந்து, வழவழவென்று ஆகிவிட்டது. ரேஷன் கடை மிஷினே அவள் ரேகையை எடுக்காது. போன வருஷம் என் பழைய டச் போனைக் கொடுத்தேன். ரிங் அடிக்கும், விரலை இழுப்பாள், திரை அசையாது. மறுபடி இழுப்பதற்குள் கால் கட் ஆகிவிடும். ஒரு மாதத்தில் அந்தப் போன் முந்திரி ஓட்டுக் குவியலில் விழுந்து செத்தது.

அதற்கப்புறம் அவள் மகள் எழிலரசி அக்கா கூப்பிடுவதெல்லாம், கொட்டகையில் கூட வேலை செய்கிற பவானியின் போனுக்குத்தான். அக்கா வளைகுடாவில் நர்ஸ். அவள் இருக்கிற நாட்டில், நாம் எல்லோரும் வைத்திருக்கிற ஆப்பில் கால் போகாது. சாதாரண கால் போட்டால் காசு எகிறும். அந்த நாடு அனுமதித்த வேறு ஒரு ஆப்பில்தான் பேச வேண்டும். வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு. பெரியம்மாவின் சாப்பாட்டு நேரம் பார்த்து ஒரு மணிக்குக் கூப்பிடுவாள்.

போன வெள்ளிக்கிழமை நான் அங்கே இருந்தேன். பவானி போனில் காதில் வைத்துக் கேட்கிற ஸ்பீக்கர் அவுட். சத்தமாக வைத்தால்தான் கேட்கும். இருபது பேர் தூக்குவாளியைத் திறந்துகொண்டு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?" என்றாள் அக்கா.

"எல்லாரும்தான் இருக்காங்க. பேசுடி."

 அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது இருபது பேருக்கும் கேட்டது.

"ஒண்ணுமில்லமா. சாப்டியா?"

"எழிலு, என்னா ஆச்சி? அழுவுறியா?"

"சளிமா. வச்சிடுறேன்."

பெரியம்மா போனைப் பவானியிடம் கொடுத்தாள். சோற்றை மூடி வைத்துவிட்டாள். நான் கிளம்பும்போது தெரு முனை வரைக்கும் வந்தாள்.

"எளவரசு, எனக்கு ஒரு போனு பாத்துக் குடுடா. எம்பொண்ணு என்னாமோ சொல்ல வரா. ஊரே கேக்கறப்ப எப்பிடிச் சொல்லுவா?"

"அடுத்த வெள்ளிக்கெழம உன் கையில இருக்கும் பெரிம்மா. டச்செல்லாம் உனக்குச் சரிப்படாது. பட்டன் வச்சதா, அமெரிக்கா போனாவே எறக்குறேன்."

அப்படித்தான் சொன்னேன். வாய் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

வியாழக்கிழமை காலை சிதம்பரம் பஸ் ஏறினேன். கீழ வீதியில் என் நண்பன் சேரன், போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். அவனிடம் கம்ப்யூட்டர், எல்லா வகைக் கேபிளும் உண்டு. சிப்காட் தாண்டுவதற்குள்ளேயே எல்லாம் முடிந்துவிட்ட மாதிரி ஒரு தெம்பு. கேபிள் போட்டுக் கம்ப்யூட்டர் வழியாக ஆப்பைத் தள்ளினால் கம்பெனியாவது ஒன்றாவது.

சேரன் போனைத் திறந்து மூடினான். மறுபடி திறந்தான்.

"என்னா மச்சான் இது, பவுடர் டப்பா மாதிரி?"

"சிரிக்காத. கேபிள எடு."

அவன் கேபிள் தேடுகிற நேரத்தில் நான் கடை வைஃபையைப் போட்டேன். மேலே ஒரு அறிவிப்பு வந்தது: புதிய அப்டேட் தயார். யோசிக்கவே இல்லை. எந்தப் போன் கைக்கு வந்தாலும் நான் முதலில் செய்வது அதுதான். அடுத்தவர் போனாக இருந்தாலும் வாங்கி அப்டேட் போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பேன். அழுத்திவிட்டேன். அரை மணி நேரம் ஓடி, அணைந்து, எழுந்து வந்தது.

கேபிளைச் செருகினோம். கம்ப்யூட்டர் போனைப் பார்க்கவே இல்லை. வேறு கேபிள். வேறு போர்ட். டெவலப்பர் மெனுவைத் திறக்கிற ரகசிய எண்ணை அடித்தேன். எதுவும் திறக்கவில்லை. மறுபடி அடித்தேன். அந்த எண்ணில் யாரோ இருக்கிற மாதிரி டயல் ஆகிக் கட் ஆனது.

சேரன் இதே மாடலைப் பற்றி எவனோ எழுதி வைத்திருந்த ஒரு பக்கத்தைத் தோண்டி எடுத்தான். படிக்கப் படிக்க அவன் முகம் ஒரு மாதிரியாக ஆனது.

"டேய், இத அப்டேட் கிப்டேட் ஏதாச்சும் பண்ணியா?"

"ஏன்?"

"பழைய வெர்ஷன்ல அந்த நம்பர் அடிச்சா மெனு தெறக்குமாம், கேபிள் வழியா ஆப் போவுமாம். கடைசி அப்டேட்ல கம்பெனி அத அடச்சிட்டானாம். தயவுசெஞ்சி அப்டேட் பண்ணாதீங்கன்னு மொத வரியிலயே போட்டிருக்கான்டா."

நான் போனை மடக்கிப் பையில் போடப் பார்த்தேன்.

"பண்ணிட்டியா?"

"பழசுக்குத் திருப்பிடலாம்ல?"

"திரும்பாதாம். அதையும் போட்டிருக்கான்." அவன் கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தான். "தெறந்து கெடந்த கதவ நீயே பூட்டிட்டு, இப்ப என்கிட்ட வந்து சாவி கேக்குற."

மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. போனை முழுக்க அழித்துப் பார்த்தேன். புது அப்டேட்டோடு பளபளவென்று எழுந்து வந்தது. பழைய வெர்ஷனைத் தேடி இறக்கி மெமரி கார்டில் போட்டேன். செல்லாது என்றது. ஆப்பைக் கார்டில், புளூடூத்தில், மெயிலில் என்று எல்லா வழியிலும் அனுப்பினேன். வந்து சேரும். திறந்தால் அனுமதி இல்லை. சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. நம் காசு, நம் கை, நம் ஊர். எங்கேயோ இருக்கிற ஒருத்தன் வேண்டாம் என்கிறான்.

சாயங்காலம் சேரன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டான்.

"போ மச்சான். நாளைக்கி வேற எதனா யோசி."

"நாளைக்கித்தான்டா வெள்ளிக்கெழம."

மறுநாள் பன்னிரண்டரைக்குக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தேன். பெரியம்மா கையைச் சாம்பலில் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையில் அவசரமாகத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"குடுடா, எங்க?"

மடக்கு போனைக் கொடுத்தேன். திறந்து பொத்தான்களைத் தடவினாள். முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

"பெரிம்மா, இதுல எழிலக்கா பேசுற ஆப் ஏறல. கம்பெனி வுட மாட்டேங்குறான். நானும் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"அப்ப இதுல அவ கூப்புட மாட்டாளா?"

"மாட்டா."

போனை மூடினாள். கொட்டகைக்குள் பார்த்தாள். பவானி தன் போனை நடுவில் வைத்துவிட்டு எல்லோருக்கும் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது என் சட்டைப் பையில் என் போன் இருந்தது. அந்த ஆப் அதில் எப்போதோ ஏற்றியது. எழில் அக்காவிடம் நான் பேசுவதே அதில்தான். மூன்று நாளாக அது என் பையிலேயே இருந்திருக்கிறது.

"இதுல பேசு பெரிம்மா. எழிலக்காவுக்கு நான் சொல்லிடுறேன். ஆனா டச்சு. கால் வந்தா நான் எடுத்துத் தரேன், இங்கயே நிக்கிறேன்."

"நீ எதுக்கு?" என்றாள். நடுவிரலை மடக்கி, அதன் முட்டியால் என் போன் திரையை ஒரு இழுப்பு இழுத்தாள். லேசாகத் திறந்தது. "முட்டியில எண்ணெ படல, தோலு நல்லாருக்கு. ஆறு மாசமா பவானி போன இப்பிடித்தான எடுக்குறேன்."

"இத ஏன் பெரிம்மா சொல்லல?"

"நீ எங்க கேட்ட? அமெரிக்கா போனு, அமெரிக்கா போனுன்னு நிக்காம ஓடுன."

அக்காவுக்கு மெசேஜ் போட்டேன். ஒரு மணிக்கு என் போன் அடித்தது. பெரியம்மா முட்டியால் எடுத்தாள், காதில் வைத்தாள்.

"இருடி. யாரும் இல்ல. நான் மட்டுந்தான்."

சொல்லிக்கொண்டே முந்திரித் தோப்புக்குள் நடந்துவிட்டாள். பவானி என்னிடம், "என்னா தம்பி, இன்னிக்கி எழிலு நமக்கெல்லாம் இல்லியா?" என்றாள். நான் மடக்கு போனைத் திறந்தேன், மூடினேன். பார்க்க அதில் ஒன்றுமே இல்லை. அமெரிக்காவில் எங்கேயோ மழை என்று மட்டும் காட்டியது.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அங்க அவளால முடியலயாம். ரெட்ட டூட்டி போட்டுச் சாவடிக்கிறாங்களாம். கெளம்பி வந்தா ஊரு என்னா சொல்லும்னு ரெண்டு மாசமா அடக்கி வச்சிருக்கா." மூச்சு வாங்கினாள். "வாடின்னுட்டேன்."

நான் போனுக்காகக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

"டிக்கெட்டு போடுற வரைக்கும் தெனமும் கூப்புடுவா. இது என்கிட்டயே இருக்கட்டுமா?"

என் போட்டோ, என் கேம், நான் பார்த்துப் பார்த்து மாற்றிய ஒவ்வொரு செட்டிங்கும் அதில் இருக்கிறது. அவளுக்காக வாங்கி மடக்கு போனில் போட்டிருந்த சிம்மை இதிலும், என் சிம்மை அதிலும் மாற்றிப் போட்டேன். பூட்டை எடுத்தேன். அப்டேட் வந்தால் அழுத்தாதே என்று இரண்டு தடவை சொன்னேன்.

கடலூர் பஸ்ஸில் பத்து நிமிஷம்தான் சும்மா இருக்க முடிந்தது. மடக்கு போனைத் திறந்து, பெரியம்மா சரியாக எடுக்கிறாளா என்று பார்க்க அவள் நம்பரை அடித்தேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தாள்.

"யாரு, எளவரசா? வையிடா. எம்பொண்ணு கூப்புடுவா."