தந்தை அல்லது கணவர் பெயர்

செத்துப்போனவருக்கு அத்தாட்சி கேட்டால் எங்காவது அலைந்து வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். உயிரோடு இருந்த ஒருத்தியை நாமே வாயால் சாகடித்திருந்தால் அதற்கு எந்த ஆபீஸில் போய் அத்தாட்சி வாங்குவது? வி.ஏ.ஓ. மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு யேசுதாசன் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்பா சவுரிமுத்து போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. ராஜகீழ்ப்பாக்கம் வீடு இன்னும் அவர் பேரில்தான் கிடக்கிறது. அதை மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும். கனடாவில் இருக்கிற மகன் ஆல்வின் ஞாயிறு தவறாமல் போன் பண்ணி, "அப்பா, அந்த சர்டிபிகேட் வாங்கியாச்சா?" என்பான். சாப்பிட்டீங்களா என்பது அதற்கு அப்புறம்தான். அவன் நல்ல பிள்ளைதான். நல்ல பிள்ளைகளுக்கும் நேரம் குறைவாகத்தானே இருக்கிறது.

வி.ஏ.ஓ. பழைய ரேஷன் கார்டின் ஜெராக்ஸைப் புரட்டினார். சின்ன வயசுக்காரர், ஆனால் கண் கூர்மை.

"இதுல ரோஸின்னு ஒரு பேரு இருக்கே, யாரு சார்?"

"தங்கச்சி."

"பேரை அடிச்சு 'இறப்பு'ன்னு எழுதியிருக்காங்க. அவங்க டெத் சர்டிபிகேட் எங்க?"

"இல்ல சார்."

"அப்ப அதை வாங்கிட்டு வாங்க. அம்மாவோடதும் வேணும். ரெண்டும் இல்லாம நான் ரிப்போர்ட் போட முடியாது." அவ்வளவுதான். அடுத்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று.

அந்தக் கார்டில் ரோஸியை அடிக்கச் சொன்னது யேசுதாசனேதான். தொண்ணூற்றொன்றாம் வருஷம். ரோஸி, திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த டேனியல் என்கிற பையனோடு போய்த் தாலி கட்டிக்கொண்டாள். ஒரே வேதம், ஒரே கோயில். சாதி மட்டும் வேறு. சவுரிமுத்துவுக்கு அது போதுமானதாக இருந்தது. இனிமேல் அந்தப் பேர் இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்றார். மறு வாரமே கார்டைக் கையில் கொடுத்து, பெயரை நீக்கிவிட்டு வா என்று மகனை அனுப்பினார்.

ரேஷன் ஆபீஸ் கிளார்க் நல்ல மனுஷன். "கல்யாணமா, இறப்பாப்பா? கல்யாணம்னா ஒரு சீட்டு எழுதித் தரேன், புருஷன் வீட்டுக் கார்டுல சேத்துக்கலாம்" என்றான். கல்யாணம் என்று சொன்னால் அந்தச் சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அப்பா கையில் கொடுக்க வேண்டும். இருபத்தெட்டு வயசு யேசுதாசனுக்கு அதற்குத் தைரியம் வரவில்லை. "இறப்பு" என்றார். கிளார்க் உச்சுக்கொட்டினான். "சின்னப் பொண்ணாச்சேப்பா, இன்னா ஆச்சு?" என்றான். "காய்ச்சல்" என்றார் யேசுதாசன். அந்த அனுதாபத்தையும் வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினார். சீட்டு இல்லாமல் எந்தக் கார்டிலும் பேர் ஏற்ற முடியாமல் அவள் எத்தனை வருஷம் அல்லாடினாளோ, அதைப்பற்றி யார் கவலைப்பட்டது?

இப்போது கவலைப்படுகிறார். மனைவி போய் ஐந்து வருஷமாகிறது. மூன்று அறை வீட்டில் ஒற்றை ஆள். காலையில் வைத்த சோறுதான் ராத்திரிக்கும். அண்ணா, அண்ணா என்று கீரைக்காரி கூப்பிடுகிறாள், ஆட்டோக்காரன் கூப்பிடுகிறான், சென்னையில் யாரைத்தான் அண்ணா என்று கூப்பிடவில்லை? அப்படிக் கூப்பிட உரிமையுள்ள ஒருத்தி எங்கேயாவது இருக்கிறாளா என்பது தெரிந்தால் போதும் என்று ஆகிவிட்டது அவருக்கு. வாரிசுச் சான்றிதழ் ஒரு சாக்கு.

மாநகராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பிரிவு மாடியில் இருந்தது. ஜீவிதா என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்த பெண் இரண்டு படிவங்களை நீட்டினாள். அம்மா எல்லம்மாவின் படிவத்தைப் பூர்த்தி செய்ய இரண்டு நிமிஷம்தான் ஆனது. ரோஸியின் படிவத்தில் 'தந்தை அல்லது கணவர் பெயர்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"சிஸ்டருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா சார்?"

"இல்லம்மா."

யோசித்துச் சொன்ன பொய்யில்லை அது. அந்த வீட்டில் அது கல்யாணமாக இருந்ததே கிடையாது. ஓடிப்போனது என்றுகூட யாரும் சொன்னதில்லை. முப்பத்துநான்கு வருஷப் பழக்கம், வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. கட்டத்தில் சவுரிமுத்து என்று எழுதினார். விண்ணப்பிக்கும் காரணம்: வாரிசுச் சான்றுக்காக.

ஜீவிதா தட்டிப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள்.

"இந்தப் பேர்ல, இந்த அப்பா பேர்ல யாரும் இறக்கல சார். அம்மாவோடது தொண்ணூத்தெட்டுங்கறதால கம்ப்யூட்டர்ல வராது. பழைய பஞ்சாயத்து ரிஜிஸ்டரை எடுத்துப் பாக்கணும். வர்ற வியாழக்கிழமை வாங்க."

யாரும் இறக்கல. படியிறங்கும்போது அதை அவர் நான்கு தடவை சொல்லிக்கொண்டார். வெளியே டீ குடித்தார். சர்க்கரை கூடாது என்று டாக்டர் சொன்னதை மறந்துவிட்டு முழுச் சர்க்கரையோடு குடித்தார்.

அந்த ஒரு வாரம் அவரைப் பார்த்திருக்க வேண்டும்! நடு அறையில் கட்டிலை மூடிக்கிடந்த பழைய பேப்பரையெல்லாம் எடைக்குப் போட்டார். மின்விசிறியைத் துடைத்தார். சுவரைப் பார்த்து, "ரோஸி, நான்தான், அண்ணன்" என்று சொல்லிப் பார்த்தார். குரல் கொஞ்சம் அதட்டலாக இருப்பதாகத் தோன்ற, மெதுவாக இன்னொரு தடவை சொன்னார். திருமுடிவாக்கம் போய் லேத் பட்டறைகளில் டேனியலை விசாரிக்கலாம் என்று செவ்வாய்க்கிழமை சட்டையெல்லாம் போட்டுக்கொண்டார். பஸ் ஸ்டாப் வரைக்கும் போனார். பஸ்ஸும் வந்தது. அவர் ஏறவில்லை. அம்மா சான்றிதழ் கைக்கு வரட்டும், அப்புறம் நிதானமாகப் போகலாம் என்று திரும்பிவிட்டார். பயந்தவனுக்கு எப்போதும் ஒரு நியாயமான காரணம் கிடைத்துவிடும்.

வியாழக்கிழமை ஜீவிதாவின் மேஜையில் காலண்டர் அட்டை போட்ட தடிமனான பதிவேடு ஒன்று இருந்தது. எல்லம்மாவின் பெயர் இருந்த பக்கத்தில் துருப்பிடித்த குண்டூசியால் ஒரு தாள் குத்தியிருந்தது. எத்தனையோ பேருடைய பட்டாக்களைத் தொலைக்கிற உலகத்தில் இந்த ஒரு தாளை மட்டும் யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள்.

"அம்மா சர்டிபிகேட்டை முன்னாடியே ஒருத்தங்க நகல் வாங்கியிருக்காங்க சார். பாருங்க."

ரோஸியின் கையெழுத்து. பள்ளிக்கூட நாட்களில் அவர்தான் கைபிடித்து எழுத வைத்தது, 'ர' எப்போதும் சாய்ந்திருக்கும். தேதி தொண்ணூற்றொன்பது. அம்மா இறந்தபோது அவளுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஊரில் எவர் வாயிலிருந்தோ கேள்விப்பட்டு, என்றைக்கு என்று தெரியாமல், அவள் இந்தப் பதிவேட்டைத் தேடி வந்திருக்கிறாள். காரணம் என்ற இடத்தில் இரண்டு வரி எழுதியிருந்தாள்.

'அம்மாவின் ஆண்டுப் பூசைக்குத் தேதி வேண்டும். வீட்டில் கேட்க முடியாது.'

யேசுதாசன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொள்ள மறந்து கையிலேயே வைத்திருந்தார். தெருமுனையில் இருந்த கோயிலில் வருஷா வருஷம் அம்மாவுக்குப் பூசை கொடுத்தவர் அவர். தேதி அவருக்கு மனப்பாடம். ஒரு தபால் கார்டில் எழுதிப் போட்டிருக்கலாம்.

"சார், நீங்க தேடின ரோஸி இவங்கதானே? இதுல கணவர் பெயர் டேனியல்னு இருக்கே. கல்யாணம் ஆகலன்னீங்க?"

அவர் இன்னும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜீவிதா கீபோர்டை இழுத்து, கணவர் பெயர் என்ற இடத்தில் டேனியல் என்று தட்டினாள். பிறகு திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

ரோஸி. கணவர் டேனியல். திருநீர்மலை. போன வருஷம் ஜூன் பதினொன்று.

ஒரு பஸ் மாறினால் போய்விடக்கூடிய தூரம். அப்பா இறந்ததற்குப் பிறகும் அவள் ஒரு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறாள். தடுக்க ஆளே இல்லாமல் போன ஒரு முழு வருஷம். அப்போதும் அவர் போகவில்லை. ஜூன் பதினொன்று அன்றைக்கு தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நினைவுபடுத்திப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. இட்லி சாப்பிட்டிருப்பார். டிவி பார்த்திருப்பார். மத்தியானம் தூங்கியிருப்பார். அழுதால் தேவலை போலிருந்தது. அந்த மேஜைக்கு முன்னால் அழ வெட்கமாகவும் இருந்தது.

ஜீவிதா தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். "தகவல் குடுத்தவர்னு அவங்க வீட்டுக்காரர் பேர் இருக்கு சார். போன் நம்பரும் இருக்கு. அவரையே கேட்டீங்கன்னா ஒரிஜினல் அவர்கிட்டயே இருக்கும். நீங்க வீணா அலைய வேண்டாம்."

டேனியல் இருக்கிறார். பத்து எண்கள், அவ்வளவுதான். அழைத்தால் யாரென்று கேட்பார். யாரென்று சொல்வது? காய்ச்சலில் செத்தாள் என்று சொன்னவன் என்றா?

"வேற படிவம் ஒண்ணு குடும்மா."

ஜீவிதா கொடுத்தாள். மேஜை ஓரத்தில் குனிந்து நின்றபடியே எழுதினார். இறந்தவர் பெயர்: ரோஸி. விண்ணப்பதாரர் உறவு: அண்ணன். தந்தை அல்லது கணவர் பெயர் என்ற கட்டத்தில், முப்பத்துநான்கு வருஷத்தில் முதல் தடவையாக, டேனியல் என்று எழுதினார்.

காரணம் என்ற இடத்தில் வாரிசுச் சான்றுக்காக என்று எழுதப் போனவர் நிறுத்தினார். குண்டூசியில் தொங்கிய அந்தத் தாளை இன்னொரு தடவை பார்த்தார். பார்த்து எழுதுகிற பிள்ளை மாதிரி, ஒவ்வொரு சொல்லாக எழுதினார்.

'தங்கையின் ஆண்டுப் பூசைக்குத் தேதி வேண்டும். வீட்டில் கேட்க முடியாது.'

ஜீவிதா அதை வாங்கிப் படித்தாள். பழைய தாளையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, முத்திரையை எடுத்துக் குத்தினாள்.