கூட ஒரு ஆள்

“அதெல்லாம் சரிங்க. கூட யாரு வருவாங்க?”

“எங்க?”

“எங்கயா? ஆபரேஷனுக்குத்தான். சினிமாவுக்கா கூப்பிடறேன்?” நர்ஸ் சிரித்தாள். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் காதில் செருகிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“நானே வந்துடுவேன். பஸ் நேரா இங்கதான் வருது.”

“வர்றப்ப வந்துடுவீங்க. போறப்ப? முட்டிக்குக் கீழ மரத்துப்போயிருக்கும், தலை கிறுகிறுன்னு இருக்கும். அன்னிக்குச் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிடுவோம். கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வரணும், ராத்திரி முழுக்க வீட்டுல அந்த ஆள் இருக்கணும்.”

“இல்லேன்னா?”

“திருப்பி அனுப்பிடுவோம். போன வாரம் ஒருத்தர், வீட்டுல நாய் இருக்கு சிஸ்டர், அது பாத்துக்கும்னாரு. அனுப்பிட்டோம்.”

“தம்பி வருவான்” என்றாள் அவள்.

சொல்லி முடித்த பிறகுதான் தம்பியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. நர்ஸ் அதை எழுதிக்கொண்டாள். வியாழக்கிழமை, காலையில் வெறும் வயிற்றோடு, நகத்தில் பூச்சு இல்லாமல், தம்பியோடு.

சற்று முன்னால், பக்கத்து அறையில், எலும்பு டாக்டர் அவளுடைய இடது பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்திருந்தார். அவள் பாதத்தை யாரும் தொட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்ததால் முதலில் கூச்சமாக இருந்தது. பெருவிரல், பஸ்ஸில் தூங்கிப்போய்ப் பக்கத்து ஆள் தோளில் சாய்ந்துவிட்டவனைப் போல இரண்டாவது விரலின் மேல் சரிந்து கிடந்தது. அது சரிந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், மூட்டு ஒரு கொட்டைப் பாக்கு அளவுக்குப் புடைத்துச் சிவந்திருந்தது. அழகுக்காகக் கேட்டால் செய்ய மாட்டேன் என்றார் டாக்டர். அகலமான செருப்பு போட்டுப் பார்த்தீர்களா, விரலுக்கு நடுவே பஞ்சு வைத்துப் பார்த்தீர்களா, நின்றால் மட்டும் வலிக்கிறதா, படுத்தாலும் வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் பார்த்தாகிவிட்டது, படுத்தாலும் வலித்தது. “அப்ப இனிமே செருப்பு மாத்திப் பிரயோஜனம் இல்ல” என்றார். எலும்பை வெட்டி, நகர்த்தி, சின்னத் திருகாணியால் பிடித்து வைப்பார்கள். செய்யும்போது ஒன்றும் தெரியாது. ஊசியின் மரப்பு விட்டுப் போகும்போதுதான் வலி வரும், அதற்கு மாத்திரை உண்டு. காலை நெஞ்சைவிட உயரத்தில் வைத்தே படுக்க வேண்டும். இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். ஆறு வாரம் முன்பாதத்தை ஊன்றக் கூடாது. வீக்கம் வடிய மாதக்கணக்கில் ஆகும். கொஞ்சம் தோல் மரத்தே இருந்துவிடலாம். விரல் முழுக்க நேராகாமலும் போகலாம். “நூத்துக்கு நூறுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.” அந்த வார்த்தைக்காகவே அவளுக்கு அவரைப் பிடித்துப்போனது. அவர் சொன்ன எதுவும் அவளைப் பயமுறுத்தவில்லை, எலும்பை வெட்டுவதுகூட.

தம்பிக்கு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே போன் செய்தாள்.

“அக்கா, அந்த வாரமா? ஆபீஸ்ல ஆடிட்டுக்கா. நான் நகர்ந்தா என் சீட்டையே நகர்த்திடுவாங்க. தள்ளிப் போட முடியாதா?”

“ரெண்டு வருஷமாத் தள்ளிட்டே வந்தாச்சுடா. இதை விட்டா அடுத்த வருஷம்தான் தேதி கிடைக்கும்.”

“நெட்ல பாத்தேன்க்கா, அப்படி ஒண்ணும் பெரிய ஆபரேஷன் இல்லையாமே.” பிறகு குரல் பிரகாசமாகியது. “ஒண்ணு பண்ணலாம். வீடியோ கால் போட்டுடலாம். ராத்திரி முழுக்க ஆன்லயே வெச்சுக்க. நான் பாத்துட்டே இருக்கேன்.”

நாயை வேண்டாம் என்றவர்கள் போனை ஒத்துக்கொள்வார்களா என்று நர்ஸிடம் கேட்க வேண்டும் போலிருந்தது. “சரிடா, சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டு வைத்தாள்.

அவள் வேலை செய்தது ஒரு பெண்கள் பார்லரில். முடி வெட்டுவது, சாயம் பூசுவது. வருகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவள் நிற்பாள். நாற்காலியை உயர்த்தும் மிதியை முன்பெல்லாம் இடது காலால் மிதிப்பாள். இப்போது வலது காலால் மிதித்தாள். அப்போது உடம்பு முழுவதும் இடது காலில் இறங்கியது, கண்ணில் தண்ணீர் முட்டியது. மத்தியானத்துக்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை என்பது முதலாளியம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. “போய்ச் சரி பண்ணிட்டு வா. உன் நாற்காலி உனக்குத்தான். ஆனா இப்படியே நொண்டிக்கிட்டு இருந்தா நான் எத்தனை நாளைக்கு வேற ஆள் எடுக்காம இருக்கறது, நீயே சொல்லு” என்றிருந்தாள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

இத்தனை வருடத்தில் அவளுக்கு ஊரில் பாதிப் பேரைத் தெரியும், ஆனால் பின்னந்தலையாகத் தெரியும். முகங்களை அவள் பார்ப்பது கண்ணாடியில்தான். அதனால் தெருவில் எதிரே வரும்போது அந்த முகங்கள் லேசாகக் கோணியிருப்பதாக அவளுக்குத் தோன்றும். வகிடு மாறியிருக்கும், மச்சம் இடம் மாறியிருக்கும். யாரோ என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவாள். அவர்களும் அவளைத் தாண்டிப் போவார்கள். கத்திரிக்கோல் இல்லாத அவளை அவர்கள் பார்த்ததேயில்லை.

சனிக்கிழமை, வழக்கமாக முடி வெட்டிக்கொள்ள வரும் டியூஷன் டீச்சர் வந்தாள். டீச்சரின் கணவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் குறட்டை விடுவார் என்பதுவரை அவளுக்குத் தெரியும். “என் பாதி உயிர் உன் கையிலதான் இருக்கு” என்று டீச்சர் ஒவ்வொரு முறையும் சொல்வாள். கூட வரச் சொல்லிக் கேட்டால் டீச்சரிடம்தான் கேட்க முடியும். முடியை நனைக்கும்போது ஒருமுறை கேட்க வாயைத் திறந்தாள், சீவும்போது ஒருமுறை. கடைசியில் கழுத்துப் பக்கம் வெட்டும்போது, தலை குனிந்திருந்ததால், கேட்க எளிதாக இருந்தது.

“டீச்சர், எனக்கு வியாழக்கிழமை காலுல ஆபரேஷன்.”

“ஐயையோ! அப்ப என் தலைய யாரு பாப்பாங்க?” சொல்லிவிட்டு டீச்சரே சிரித்தாள். பிறகு கண்ணாடியில் அவளைத் தேடிப் பிடித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “எல்லாம் நல்லபடியா நடக்கும். கூட இருந்து பாத்துக்க ஆளெல்லாம் இருக்காங்கல்ல?”

அந்தக் கேள்வி பதிலையும் கையோடு கொண்டுவந்திருந்தது. வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

“இருக்காங்க டீச்சர். கொஞ்சம் குனிஞ்சுக்குங்க.”

செவ்வாய்க்கிழமை பார்லருக்கு விடுமுறை. ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய இரண்டு ஊன்றுகோல்களையும் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, காலையிலேயே வீட்டை ஒழுங்குசெய்யத் தொடங்கினாள். காலில் மாட்டும் என்று பாயைச் சுருட்டினாள். குளியலறையில் ஸ்டூலைப் போட்டாள். தலையணைகளைக் கட்டிலின் கால்மாட்டில் அடுக்கினாள். ‘இப்பவே வீட்டுல நடந்து பழகிக்குங்க, அப்புறம் பழகினா அழுகை வரும்’ என்று சொல்லியிருந்தாள் நடைப் பயிற்சி கொடுத்த பெண். அதன்படி இடது காலை மடக்கித் தூக்கிக்கொண்டு, கோல்களை முன்னே வைத்து, உடம்பை வீசி, வலது காலில் இறங்கினாள். கட்டிலிலிருந்து சமையலறைக்கு. சமையலறையிலிருந்து கட்டிலுக்கு. ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்தபோதுதான் புரிந்தது: இரண்டு கையும் கோலைப் பிடித்திருந்தால் தண்ணீரை யார் கொண்டுவருவது? சமையலறை மேடைக்கும் கட்டிலுக்கும் நடுவே கூப்பிடு தூரம்கூட இல்லை. தம்ளர் அங்கே இருந்தது, அவள் இங்கே இருந்தாள். ஒரு துணிப்பையில் தண்ணீர் பாட்டிலைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரும்பவும் நடந்தாள். பாட்டில் நெஞ்சில் இடித்தது, கோல்கள் தரையில் இடித்தன. கேட்க நன்றாகத்தான் இருந்தது, வீட்டில் யாரோ வேலை செய்வதைப் போல.

கதவு தட்டப்பட்டது. தட்டல் இல்லை, குத்து.

“மேல என்ன ஆன்ட்டி, டான்ஸ் கிளாஸ் ஆரம்பிச்சிருக்கீங்களா?”

கீழ்வீட்டுப் பெண். இவளைப் படிக்கட்டில் முதுகாக மட்டும்தான் அவள் பார்த்திருந்தாள். அந்தப் பெண் போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு, கண்கள் தூக்கத்தில் வீங்கி நின்றாள்.

“ஆன்ட்டியா?”

“சரி, அக்கா. பாட்டின்னு வேணாலும் கூப்பிடறேன், சத்தத்தை மட்டும் நிறுத்துங்க. நான் ராத்திரி பூரா போன்ல கண்டவன் திட்டறதையெல்லாம் சம்பளத்துக்குக் கேட்டுட்டு வந்து, விடிஞ்சப்புறம்தான் படுக்கறேன். இங்க வந்தா என் தலை மேல நீங்க டக்கு டக்குன்னு…” அப்போதுதான் ஊன்றுகோல்களையும் கழுத்தில் தொங்கும் பாட்டிலையும் பார்த்தாள். “ஐயோ. கால்ல என்ன ஆச்சு?”

“இன்னும் ஒண்ணும் ஆகல. நாளன்னிக்குத்தான் ஆகப்போகுது.”

அந்தப் பெண் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டாள். “எடது காலா?”

“எப்படித் தெரியும்?”

“தெரியாம? உங்க வலது கால் தொம்முன்னு விழும். எடது கால் சும்மா தொட்டுட்டுப் போகும். தொம்… ஸ்ஸ். தொம்… ஸ்ஸ். நான் குடிவந்ததுலேருந்து அப்படித்தான். எனக்கு லீவுன்னா, நீங்க சாயங்காலம் வந்து கதவைத் திறக்கறது கேட்கும். அப்புறம் தண்ணி விழும். அப்புறம் நாற்காலி இழுபடும். அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு சத்தமும் இருக்காது.” போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “போன மாசம் ரெண்டு நாள் ஒண்ணுமே கேட்கல. ஊருக்குப் போயிட்டீங்களோன்னு மேல வந்து பாத்தேன். பூட்டு இல்ல.”

“உள்ளதான் இருந்தேன். கால் வீங்கிப்போச்சு, எழுந்திரிக்கவே இல்ல.”

“அப்படியா?”

“தட்டியிருக்கலாமே.”

“என்னன்னு சொல்லித் தட்டறது?”

அந்த இரண்டு நாட்களை அவள் வேறு மாதிரி ஞாபகம் வைத்திருந்தாள். விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தது, ரொட்டியைப் படுக்கையிலேயே வைத்துச் சாப்பிட்டது, உலகத்தில் ஒருவருக்கும் இது தெரியாது என்று நினைத்தது. அப்போது கதவுக்கு அந்தப் பக்கம், இதே இடத்தில், இந்தப் பெண் பூட்டைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறாள். இப்போது அந்தப் பெண்ணின் முகத்தைக் கண்ணாடி இல்லாமல், நேருக்கு நேர், பார்த்தாள். எதுவும் கோணலாக இல்லை. முடிதான் மோசமாக இருந்தது, ஒரு பக்கம் தோளைத் தொட்டது, மறுபக்கம் தொடவில்லை.

“முடி யாரு வெட்டினது?”

“நானேதான். ஏன்?”

“ஒண்ணுமில்ல. எலியோன்னு நெனச்சேன்.”

“பாத்தீங்களா, தூக்கத்தையும் கெடுத்துட்டு நக்கல் வேற.” அந்தப் பெண் உள்ளே வந்துவிட்டாள். ஒரு ஊன்றுகோலை அவளிடமிருந்து வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். “அடியில ரப்பர் இல்லாமலா குடுத்தாங்க? அதான் ஆணி அடிக்கிற மாதிரி கேட்குது. என் பழைய செருப்பை வெட்டி மாட்டலாம், நில்லுங்க.” பிறகு விளையாட்டாக அதை அக்குளில் வைத்து, போர்வை நழுவ, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்று பார்த்தாள். “அடேங்கப்பா, கஷ்டம்தான். இதோட எப்படிக்கா தண்ணி எடுத்துட்டு வருவீங்க?”

ஒரு வாரமாக எத்தனையோ விதமாக அவள் அதைச் சொல்லிப் பார்த்திருந்தாள். பஸ்ஸில், குளியலறையில், டீச்சரின் பின்னந்தலைக்கு மேலே. முன்னால் ஒரு பேச்சு, நடுவில் ஒரு சிரிப்பு, முடியாவிட்டால் பரவாயில்லை என்று முடிவில் ஒரு வழி. இப்போது அவை எதுவும் நினைவுக்கு வரவில்லை.

“வியாழக்கிழமை என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றியா? அன்னிக்கு ராத்திரி மட்டும் இங்க இருக்கணும். ஆள் இல்லேன்னா செய்ய மாட்டாங்களாம்.”

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. அறைக்குள் இரண்டு பேர் ஆளுக்கொரு ஊன்றுகோலோடு நின்றார்கள். கீழே காலியான அறையில், அந்தக் கால் எப்போது தரையில் இறங்குகிறது என்று கேட்பதற்கு யாரும் இல்லை; வழக்கமாகக் கேட்கிறவள் இங்கே, மேலே இருந்தாள்.