கோணல் மனை

காஞ்சிபுரத்தில் என் எழுத்தில் குற்றம் கண்டவன் ஒருவனும் கிடையாது. வக்கீல் திருஞானசம்பந்த முதலியாரிடம் முப்பது வருஷமாகக் குமாஸ்தா வேலை. அதோடு பத்திரம் எழுதுவதும் உண்டு. சின்னக் காஞ்சிபுரத்துப் பாதி மனைகள் என் பேனாவால் கைமாறியவை. "ஆராவமுதய்யங்கார் எழுதினதா? அப்ப படிச்சுப் பாக்க வேணாம்பா, கையெழுத்தப் போடு" என்று ஜனங்கள் சொல்வதை நானே காதால் கேட்டிருக்கிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன், அதனால் என்ன?

முப்பது வருஷம் வக்கீலுக்குக் கேஸ் கட்டுத் தூக்கினவனுக்கு ஆசை ஒன்றுதான் இருக்கும். என் பிள்ளை சக்ரவர்த்தி கறுப்புக் கவுன் மாட்டிக்கொண்டு அதே கோர்ட்டில் நிற்க வேண்டும். வேறு எவனாவது அவனுக்குக் கட்டுத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட வேண்டும். அதற்காகவே அவனைப் பட்டணத்துக் காலேஜில் சேர்த்தேன். முதலியார் அப்போதே தெளிவாகச் சொன்னார்: "சரித்திரம் எடுக்கச் சொல்லும் ஓய். வக்கீலுக்கு வாய்தான் மூலதனம். சரித்திரம் படிச்சா வாய் தானா வரும்."

இவன் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கணிதம் எடுத்தான். ஏண்டா என்று கடுதாசி போட்டால், லா படிப்பதற்காகத்தான் கணிதம் எடுத்திருக்கிறேன் என்று பதில் வருகிறது! காசிக்குப் போகிறவன் ராமேசுவரத்துக்கு டிக்கெட் வாங்கின கதையாக இருந்தது எனக்கு. முதலியார் கேட்டபோது உள்ளதைச் சொன்னேன். "கணக்கா? கணக்குப்பிள்ளை ஆகப்போறானா?" என்று அவர் சிரித்த சிரிப்பு இரண்டு வருஷம் என் காதிலேயே இருந்தது.

பிரபவ வருஷம் ஆனி மாதம் பி.ஏ. தேறிவிட்டு ஊர் வந்தான். முதல் வகுப்பு. கையில் லா காலேஜ் விண்ணப்பம். அதில் தகப்பனார் கையெழுத்து வேண்டும். எல்லாம் முத்து முத்தாக நிரப்பியிருந்தான். 'பட்டம் பெற்ற பாடம்' என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தான். 'கணிதம்' என்ற சொல்லைக் கண்டால் நான் கத்துவேன் என்று அவனுக்குத் தெரியும். காலியாக விட்டதைக் கண்டும் கத்தினேன். விண்ணப்பத்தை மேஜைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, "பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார் இடம் காலியா இருக்கு. அங்கே போ" என்றேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. வாயில்லாத பிள்ளை எப்படி வக்கீலாவான்?

அந்தச் சமயத்தில்தான் எல்லம்மாள் வழக்கு விசாரணைக்கு வந்தது.

எல்லம்மாள் பட்டு நெய்கிறவள். புருஷன் போனபிறகும் தறியை நிறுத்தாதவள். அவள் வீட்டை ஒட்டி ஆறடி அகலத்தில் நீளமாக ஒரு சந்து. மூன்று புடவைக்கான பாவு நூலை, அதாவது நெடுக்கு இழைகளை, அதில் இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆள் நடந்து கஞ்சி தடவுவார்கள். சந்துக்கு அந்தப் பக்கம் வேலி. வேலிக்கு அப்பால் ஜரிகைக் கடைப் பரசுராமனின் மனை. இருபது வருஷத்துக்கு முன் அவன் தகப்பன் வாங்கினது. பத்திரம் எழுதியது சாட்சாத் நான்தான். 'நீளம் அறுபது அடி, அகலம் நாற்பது அடி, ஆக மொத்தம் இரண்டாயிரத்து நானூறு சதுர அடி.'

பரசுராமன் வீடு கட்ட நினைத்து, மனையிலிருந்த கள்ளியை வெட்டிவிட்டுத் தெருப்பக்கத்திலிருந்து எல்லம்மாள் வேலி வரை நேராக அளந்து பார்த்தான். முப்பத்தாறுதான் வந்தது. "நாலடியக் காணோம். அந்தப் பொம்பள வேலிய நவுத்திக்கினா" என்று முதலியாரிடம் வந்தான். அந்த நாலடி போனால் எல்லம்மாளுக்கு இரண்டடிச் சந்து மிஞ்சும். பாவு ஓட்டினாலும் பக்கத்தில் ஆள் நிற்க இடமிருக்காது. பாவு ஓடாவிட்டால் தறி ஏது?

வழக்கில் முக்கியமான சாட்சி நான். எனக்குச் சந்தேகமே இல்லை. ஆறு நாலு இருபத்துநாலு. என் பெருக்கல் தப்பாது. ஆகவே நாலடியை அவள்தான் விழுங்கியிருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லம்மாள் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"இன்னா சாமி, நான் வேலிய நவுத்தினேன்னு நீங்களே கூண்டுல ஏறிச் சொல்லப்போறீங்களாமே? எங்கூட்டுக்காரரு நட்ட வேலி சாமி அது. ஒரு குச்சியக்கூட நான் பிடுங்கல. உங்க பேப்பரு பொய் சொல்லுது."

"என் பத்திரமா பொய் சொல்றது?" என்று நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"நான் பொய் சொல்லல. அப்போ வேற எது சொல்லுது?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். திமிரைப் பார்த்தீர்களா!

உள்ளே இருந்து சக்ரவர்த்தி வந்து நாற்காலியை நிமிர்த்தி வைத்தான். "அப்பா, அந்த நாற்பதடியை எதை ஒட்டி அளந்தேள்?" என்று கேட்டான்.

"மேற்கே பழைய நந்தவனத்து மதில் இருக்கே, அதை ஒட்டித்தான். அப்போ நடுவிலே முழுக்கச் சப்பாத்திக்கள்ளி. அங்கே யார் கால் வைப்பா?"

"அந்த மதில் சாய்வாப் போறதே. கிழக்கே வாய்க்காலும் அதே சாய்வு."

"சாய்வாப் போனா என்னடா? நாலு பக்கமும் அளந்தாச்சு. பெருக்கியாச்சு. ஊரெல்லாம் அப்படித்தான் செய்யறா."

அவன் உள்ளே போய்ப் புதுத் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவினான். "வாங்கி ரெண்டு நாள்கூட ஆகலேடா!" என்று என் அகமுடையாள் நாமகிரி சமையலறையிலிருந்து கூவினாள். ஆறு அங்குலத்தில் இரண்டு, நாலு அங்குலத்தில் இரண்டு ஒடித்து, நாலு மூலையிலும் நூலால் கட்டி என் மேஜைமேல் வைத்தான். அழகான நீள்சதுரம்.

"இதுக்குள்ளே பரப்பு எவ்வளவுப்பா?"

"இருபத்துநாலு. இதைக் கத்துக்கவா பட்டணம் போனே?"

அவன் ஒரு மூலையில் விரலை வைத்து மெல்லத் தள்ளினான். கட்டம் சாய்ந்தது. இன்னும் தள்ளினான். இன்னும் சாய்ந்தது. கடைசியில் குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துவிட்டன. நடுவில் ஓர் எறும்பு நிற்க இடமில்லை.

"நாலு பக்கமும் அப்படியேதான் இருக்கு. நான் ஒரு குச்சியையும் ஒடிக்கலே. இருபத்துநாலு எங்கேப்பா போச்சு?"

நான் குச்சிகளைக் கையில் எடுத்தேன். நிமிர்த்தினேன். நானே தள்ளினேன். மறுபடி நிமிர்த்தினேன்.

"மூலை நேரா இருந்தாத்தான் பெருக்கல் செல்லும். சாஞ்ச மனைக்கு மூலைக்கு மூலை இன்னோர் அளவும் எடுக்கணும். யாரும் நாலடியைத் திருடலேப்பா. அந்த நாலடி எப்பவுமே அங்கே கிடையாது."

"அப்போ நான் எழுதினது தப்புங்கறயா? முப்பது வருஷமா எழுதறேன். என் கையெழுத்தைச் சந்தேகப்பட உனக்கு என்ன வயசுடா?"

"கணிதத்திலே யார் சொன்னான்னு கேக்கமாட்டா. எதனாலேன்னுதான் கேப்பா. அதுக்காகத்தான் அதை எடுத்தேன்" என்றான். குரலை உயர்த்தவே இல்லை. "எதிர்த்தரப்பு வக்கீல்கிட்ட நான் போகமாட்டேன். உங்ககிட்டத்தான் சொல்வேன். கூண்டிலே சத்தியம் பண்ணி நிக்கப்போறது நீங்கதானே."

வாயில்லாத பிள்ளை என்றேனே, அன்றைக்கு வாய் அடைத்தது எனக்குத்தான்.

சாப்பிடாமல் குடையை எடுத்துக்கொண்டு மனைக்குப் போனேன். அளவு நாடாவை மதிலை ஒட்டிப் பிடித்தேன்: நாற்பது, அங்குலம் பிசகவில்லை. நேராகப் பிடித்தேன்: முப்பத்தாறு. வேலிக்கு அந்தப் பக்கம் பாவு வெயிலில் சிவப்பாக நீண்டு கிடந்தது. எல்லம்மாள் குனிந்து அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், அடுத்த இழைக்குப் போனாள். எனக்கு அவமானமாக இருந்தது. அதை மறைத்து என்ன பயன்?

மறுநாள் முதலியாரிடம் விஷயத்தைச் சொல்லி, என்னைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம் என்றேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"ஓய், பத்திரம் உம்ம எழுத்துதானே? அதை மட்டும் கேப்பேன். ஆமான்னு சொல்லிட்டு இறங்கும். கேக்காததுக்குப் பதில் சொல்லணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" பிறகு கொஞ்சம் தணிந்து, "முப்பது வருஷத்துப் பேரய்யா. சபையில நின்னு நீரே கெடுத்துக்காதீர்" என்றார். அவர் எனக்கு நல்லதைத்தான் சொன்னார்.

புதன்கிழமை கூண்டில் ஏறினேன். கோர்ட்டு நிறைய ஆள். பின்வரிசையில் சக்ரவர்த்தி. சத்தியப் பிரமாணம் செய்தேன். எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள், என் வாயில் அன்று கனத்தன. முதலியார் சொன்னபடியே கேட்டார். பத்திரம் உம் எழுத்தா? ஆம். பரப்பு இரண்டாயிரத்து நானூறு என்று எழுதியது நீரா? நான்தான். அவர் திருப்தியாக உட்கார்ந்தார். பரசுராமன் மீசையைத் தடவிக்கொண்டான்.

எல்லம்மாளின் வக்கீல் வயசில் சின்னவர். பத்திரம் எழுத எவ்வளவு கூலி வாங்கினீர், யார் யார் உடன் இருந்தார்கள் என்று ஊர்வம்பு கேட்டார். கேட்க வேண்டிய அந்த ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை! கூண்டுக்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்டு, எங்கே பிடித்து அளந்தாய் என்று கேளேன்! அவர் காகிதத்தை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முன்சீப் வழக்கம்போல, "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்றார். ஆயிரம் சாட்சிகள் அதற்கு "இல்லை எஜமான்" என்று சொல்லிவிட்டு இறங்கியதைப் பார்த்தவன் நான். எல்லம்மாள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்வரிசையில் என் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உண்டு எஜமான்" என்றேன்.

முதலியார் கண்ணை மூடிக்கொண்டார். நான் இடுப்பு முடிச்சை அவிழ்த்து நாலு ஈர்க்குச்சிகளை எடுத்தேன். கோர்ட்டில் ஒரு சிரிப்பு எழுந்தது. "சிரிக்கறவா சித்தே பொறுங்கோ" என்று அதட்டினேன். முன்சீப்பே நிமிர்ந்து உட்கார்ந்தார். கட்டத்தைக் கூண்டின் பலகைமேல் வைத்து நிமிர்த்திக் காட்டினேன். தள்ளிக் காட்டினேன். குச்சிகள் ஒட்டிப் படுத்தபோது பின்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நாற்பதடியைச் சாய்ந்த மதிலை ஒட்டி அளந்தேன். நேராக அளந்ததாக நினைத்துப் பெருக்கினேன். பத்திரத்தில் உள்ள நாற்பது நிஜம். இரண்டாயிரத்து நானூறு தப்பு. எல்லம்மாள் ஒரு விரற்கடைகூட எடுக்கவில்லை. தப்பு என்னுடையது."

"இப்படி எத்தனை பத்திரம் எழுதியிருக்கிறீர்?" என்றார் முன்சீப்.

"ஊரில் எத்தனை கோணல் மனை உண்டோ அத்தனையும், எஜமான்."

எல்லாரும் சிரித்தார்கள். முன்சீப்பும் சிரித்தார். ஆனைக்கும் அடி சறுக்கும், சறுக்கட்டும். எனக்கு வெட்கமாகவே இல்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இருபது வருஷமாகத் தெரியாதது இப்போது எப்படித் தெரிந்தது?"

நான் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நன்றாக நிமிர்ந்தேன். "என் பிள்ளை சொன்னான். அதோ நிற்கிறான், சக்ரவர்த்தி. பி.ஏ. கணிதம். முதல் வகுப்பு. அடுத்த மாதம் லா காலேஜில் சேரப்போகிறான்."

எழுதிக்கொண்டிருந்த கோர்ட்டு குமாஸ்தா பேனாவை நிறுத்தி, "இது வழக்குக்குச் சம்பந்தமில்லையே, எழுதணுமா?" என்றான்.

"எழுதுமய்யா!" என்றேன் நான், முன்சீப் வாயைத் திறக்கும் முன்பே. குரல் தெருவரை கேட்டிருக்கும். முன்சீப் தலையை அசைத்தார், "எழுதும்" என்று. வாக்குமூலத்தை வாசித்துக் காட்டியபோது 'பி.ஏ.'க்குப் பிறகு 'கணிதம்' விட்டுப் போயிருந்தது. அதைச் சேர்க்கச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

வழக்கு தள்ளுபடியாயிற்று. வராந்தாவில் முதலியார் என் பக்கத்தில் வந்து நின்றார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"ஓய், அந்தப் பயல் வக்கீலாக இன்னும் எத்தனை வருஷம்?"

"படிப்பு ரெண்டு வருஷம்."

"நல்லது. அவன் எதிர்த்தரப்புல வந்து நிக்கறதுக்குள்ள என்கிட்ட ஜூனியராச் சேத்துவிடும்" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் வண்டியில் ஏறினார்.

எல்லம்மாள் வந்து கும்பிட்டாள். "அப்பவே சொன்னனே சாமி, உங்க பேப்பருதான் பொய் சொல்லுதுன்னு" என்றாள். "சொன்னேம்மா, சொன்னே" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கால்கூடக் கழுவாமல் மேஜைப் பெட்டியைத் திறந்தேன். சக்ரவர்த்தி வாசற்படியிலேயே நின்றான். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன், அவன் எனக்குப் பயந்து காலியாக விட்டிருந்த இடத்துக்கு வந்தேன். பத்திரம் எழுதும் பேனாவை நன்றாக மையில் தோய்த்து, என் எழுத்திலேயே எழுதினேன்: கணிதம்.